விலைக்கு வாங்கிய பட்டாளப் பதவிகள்: காலின் கேம்பெல்லின் வாழ்க்கை வழியே ஓர் அறிமுகம்

1871ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் காலாட்படையிலோ குதிரைப்படையிலோ அதிகாரியாகச் சேர விரும்பிய ஒருவர், பெரும்பாலும் அந்தப் பதவியைப் பணம் கொடுத்தே வாங்கினார். அடுத்த படிக்கு உயர்வதற்கும் பணம் கொடுத்தார். பணியை விட்டு விலகும்போது பதவியை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போனார். இது மறைவில் நடந்த லஞ்சம் அன்று. அரசே விலை நிர்ணயித்து, விதிகள் வகுத்து நடத்திய ஏற்பாடு. இந்திய வரலாற்றில் நாம் பெயரளவில் அறிந்திருக்கும் ஆங்கிலத் தளபதிகள் பலர் இந்த ஏற்பாட்டின் வழியாக மேலே வந்தவர்கள், அல்லது அதனால் கீழேயே தேங்கி நின்றவர்கள். அந்தப் பதவி விலைமுறை எவ்வாறு இயங்கியது என்பதை, அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த காலின் கேம்பெல் என்ற ஒரே அதிகாரியின் பணி வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1821ஆம் ஆண்டின் அரசு விலைப்பட்டியலின்படி சாதாரணக் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றில் என்சைன் என்னும் கடைநிலை அதிகாரிப் பதவியின் விலை 450 பவுன். லெப்டினன்ட் பதவி 700 பவுன், கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500. அதற்கு மேற்பட்ட பதவிகள் விற்பனைக்கு இல்லை. ஏற்கெனவே ஒரு பதவியில் இருப்பவர் அடுத்ததற்கு முழு விலையையும் தரத் தேவையில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தந்தால் போதும். எனவே ஒரு லெப்டினன்ட் கர்னல் தம் பதவியை விற்று விலகினால், மேஜர் 1,300 பவுன் தந்து அந்த இடத்துக்கு ஏறுவார். அவர் விட்ட இடத்துக்கு ஒரு கேப்டன் 1,400 பவுன் தருவார். கேப்டன் இடத்துக்கு ஒரு லெப்டினன்ட் 1,100, லெப்டினன்ட் இடத்துக்கு ஓர் என்சைன் 250. கடைசியில் வெளியிலிருந்து புதிதாக வரும் இளைஞர் 450 பவுன் கட்டி என்சைன் ஆவார். ஐந்து தொகைகளையும் கூட்டினால் சரியாக 4,500 வரும். விலகியவர் கையில் அந்தத் தொகை முழுவதும் சேர்ந்துவிடும். அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு பென்னியும் செலவாகாது.

இந்தத் தொகைகளின் பாரத்தை உணரச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். என்சைனின் நாள் சம்பளம் 5 ஷில்லிங் 3 பென்ஸ், அதாவது ஆண்டுக்குச் சுமார் 96 பவுன். ஆகவே அவர் பதவிக்குள் நுழையத் தந்த விலை ஏறத்தாழ ஐந்தாண்டுச் சம்பளம். உணவுக்கூடச் செலவும் சீருடைச் செலவும் போக அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மேஜர் பதவிக்குப் பணம் சேர்ப்பது நடக்காத காரியம். குடும்பச் சொத்து, திருமணத்தில் வந்த பணம், கடன் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாதவர் உயர முடியாது என்பதுதான் நடைமுறை.

எந்த அரசும் தன் படையை ஏன் இப்படி நடத்த வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அரசியல் காரணம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தது. உள்நாட்டுப் போரில் அரசரை வீழ்த்திய கிராம்வெல்லின் படை நாட்டையே ஆண்டதைக் கண்டிருந்த ஆங்கிலேய நிலவுடைமை வர்க்கம், சொத்து உள்ளவர்களே படைத் தலைமையில் இருந்தால் அவர்கள் அந்தச் சொத்தைக் காக்கும் அமைப்பைக் கவிழ்க்க மாட்டார்கள் என்று நம்பியது. சிக்கனக் காரணமும் இருந்தது: விலகும்போது கிடைக்கும் விற்பனைத் தொகையே ஓய்வூதியமாக அமைந்ததால், அரசு தனியாக ஓய்வூதியம் தர வேண்டியதில்லை. இதோடு ஒழுங்கு பற்றிய கணக்கும் சேர்ந்தது. குற்றம் செய்து பதவி பறிக்கப்பட்டவர் தாம் போட்ட பணத்தையும் இழந்தார். ஆக, பதவியின் விலை நன்னடத்தைக்கான பிணைத்தொகையாகவும் பயன்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் புரிந்துகொள்ளக்கூடிய காரணங்களே. இவற்றில் ஒன்றுகூட அதிகாரியின் திறமையைப் பற்றியது இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கணிதமும் தொழில்நுட்பமும் தவிர்க்க முடியாத பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் இந்த விலைமுறை நுழையவே இல்லை. வூல்விச் ராணுவக் கல்விக்கூடத்தில் பயின்றவர்களே அங்கு அதிகாரிகளானார்கள். திறமை இல்லாவிட்டால் பீரங்கி வெடிக்காது என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

விலைமுறைக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. ஓர் அதிகாரி போரில் இறந்தால் அவருடைய பதவியை யாரும் விற்க முடியாது. அந்தக் காலியிடம் பெரும்பாலும் பணிமூப்பின்படி அடுத்தவருக்கு விலையின்றிக் கிடைத்தது. இறந்தவர் போட்டிருந்த முதலீடு அவரோடு போயிற்று. எனவே பணமில்லாத அதிகாரிக்குத் தம் தோழர்களின் சாவே பதவி உயர்வு. ரத்தம் சிந்தும் போருக்கும் கொள்ளைநோய்ப் பருவத்துக்கும் வாழ்த்துச் சொல்லி மது அருந்தும் வழக்கம் அக்கால அதிகாரிகளின் உணவுக்கூடங்களில் இருந்ததென்றால், அதை வெறும் முரட்டு வேடிக்கையாகக் கொள்ள முடியாது. அதற்குள் ஒரு கணக்கு இருந்தது.

காலின் கேம்பெல் 1792 அக்டோபர் 20இல் கிளாஸ்கோ நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் குடும்பப் பெயர் மக்லிவர். தாய்வழி மாமனான கர்னல் ஜான் கேம்பெல் சிறுவனைக் கோஸ்போர்ட்டில் படிக்க வைத்து, 15 வயதில் படைத்தலைவரான யார்க் கோமகனிடம் அழைத்துச் சென்றார் என்றும், கோமகன் இவனும் கேம்பெல் குலத்தான்தான் என்று எண்ணி அப்படியே எழுதிக்கொள்ள, மாமன் அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், 1808 மே மாதத்தில் 9ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் என்சைனாகப் பதிவானவர் காலின் கேம்பெல்தான். மக்லிவர் என்ற பெயர் அத்தோடு மறைந்தது.

அவர் சேர்ந்த காலம் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. நெப்போலியனின் படைகளை எதிர்த்து ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த நீண்ட போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சேர்ந்த சில மாதங்களிலேயே விமெய்ரோ போர்க்களத்தைக் கண்டார். அடுத்த குளிர்காலத்தில் கொருன்னா துறைமுகம் நோக்கிய கடும் பின்வாங்கலில் நடந்தார். 1809இல் வால்கரென் தீவுப் படையெடுப்பில் பற்றிய காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுவிட்டுத் தாக்கியது. 1813 ஜூலை 25 அன்று சான் செபாஸ்தியான் கோட்டையின் மீது நடந்த தாக்குதலில், பீரங்கிகள் பிளந்திருந்த சுவரின் வழியே முதலில் ஏறும் சிறு குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெரும்பாலும் பிழைத்து வர முடியாத அந்தப் பணிக்கு அதிகாரிகள் தாமாக முன்வந்தார்கள்; பிழைத்தால் விலையில்லாப் பதவி உயர்வு நிச்சயம் என்பதும் அதற்கு ஒரு காரணம். தாக்குதல் தோற்றது. கேம்பெல் இரண்டு காயங்களோடு தப்பினார். காயம் ஆறுமுன்பே அனுமதியின்றி மருத்துவமனையை விட்டு வெளியேறி, அக்டோபரில் பிதசோவா ஆற்றைக் கடக்கும் சண்டையில் கலந்துகொண்டு மீண்டும் காயமடைந்தார். கண்டனமும் கிடைத்தது, பதவியும் கிடைத்தது: 1813 நவம்பரில், 21 வயதில், ஒரு பவுனும் தராமல் 60ஆவது ரெஜிமென்ட்டின் கேப்டனானார்.

ஐந்தாண்டுப் போரில் இரண்டு படிகள் ஏறியவர், அடுத்த படிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1815க்குப் பிறகு ஐரோப்பாவில் அமைதி. அமைதிக் காலத்தில் பதவிகள் சாவால் காலியாவதில்லை, விற்பனையால்தான் காலியாகும். கேம்பெல் ஜிப்ரால்டரிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பணிபுரிந்தார். 1823இல் தென் அமெரிக்காவில் இன்றைய கயானாவைச் சேர்ந்த டெமராரா பகுதியில் அடிமைகள் விடுதலை கேட்டு எழுந்தபோது, அந்த எழுச்சியை அடக்கிய படையின் தலைமையக அதிகாரிகளில் ஒருவராக இருந்தார். அவருடைய வரலாற்றைச் சொல்வோர் இதை ஒற்றை வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த எழுச்சி மிகக் கொடூரமாக அடக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1825இல் மேஜர் பதவியையும் 1832இல் லெப்டினன்ட் கர்னல் பதவியையும் அவர் விலை கொடுத்தே பெற்றார். இரண்டாவது பெயரளவிலான உயர்வே. ரெஜிமென்ட் எதுவும் இல்லாமல் அரைச் சம்பளத்தில் இருக்கும் நிலை அது. 98ஆவது ரெஜிமென்ட்டின் தலைமை அவர் கைக்கு உண்மையில் வந்தது 1837இல்தான். அப்போது அவருக்கு வயது 44.

இதே ஏணியில் பணம் உள்ளவர்கள் ஏறிய வேகத்தோடு இதை ஒப்பிட்டால்தான் வேறுபாடு புலப்படும். பின்னாளில் வெல்லிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி 1787இல் என்சைனாகச் சேர்ந்து, அண்ணன் ரிச்சர்டு தந்த பணத்தால் 1793இல் 33ஆவது ரெஜிமென்ட்டின் லெப்டினன்ட் கர்னலானார். அப்போது வயது 24. ஒரு போர்க்களத்தையும் அவர் கண்டதில்லை. அந்த ரெஜிமென்ட்டோடுதான் அவர் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலிருந்து புறப்பட்ட படையில் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்றார். விலைமுறையை ஆதரிப்பவர்கள் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு இவர்தான். திறமையுள்ள இளைஞரை இளமையிலேயே தலைமைக்குக் கொண்டுவந்தது பணிமூப்பு அன்று, பணமே என்பார்கள். வெல்லிங்டனும் இறுதிவரை அந்த முறையைத் தாங்கியே பேசினார்.

எதிரணியினர் காட்டும் எடுத்துக்காட்டு கார்டிகன் பிரபு. இவர் 1824இல், 26 வயதில், குதிரைப்படையில் சேர்ந்தார். 1830இல் லெப்டினன்ட் கர்னல். கேம்பெல்லுக்கு 24 ஆண்டுகள் எடுத்த தூரத்தை இவர் ஆறே ஆண்டுகளில் கடந்தார். 1832இல் 15ஆவது ஹுஸார் குதிரைப்படைத் தலைமைக்காக அவர் சுமார் 35,000 பவுன் தந்ததாக அக்காலத்தில் பேசப்பட்டது. குதிரைப்படையில் அந்தப் பதவிக்கு அரசு விதித்த விலை 6,175 பவுன் மட்டுமே. பட்டியல் விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆனாலும் பெயர்பெற்ற ரெஜிமென்ட்டுகளில் அது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. தம் கீழ் அதிகாரிகளோடு மோதியதால் இரண்டே ஆண்டுகளில் அந்தத் தலைமையிலிருந்து நீக்கப்பட்ட கார்டிகன், 1836இல் 11ஆவது ரெஜிமென்ட்டின் தலைமையைப் பெற்றார்.

பணமில்லாதவர் பக்கம் ஹென்றி ஹேவ்லாக்கின் கதை இன்னும் கசப்பானது. 1815இல் சேர்ந்த அவர், தம்மைவிட இளையவர்கள் பணம் கட்டித் தம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே 1838 வரை லெப்டினன்டாக இருந்தார். கேப்டனானபோது வயது 43. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தியாவில் இருந்த எல்லா ஆங்கில அதிகாரிகளும் இந்த விலைமுறைக்கு உட்பட்டவர்கள் அல்லர். கேம்பெல்லும் ஹேவ்லாக்கும் அரசரின் படையைச் சேர்ந்தவர்கள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த படைகளில் பதவி விற்பனை இல்லை; பணிமூப்பு ஒன்றே வழி. அதனால் நீதி கிடைத்ததா என்றால், முழுமையாக இல்லை. மூத்தவர்கள் விலகாமல் இருந்ததால் கம்பெனி ரெஜிமென்ட்டுகளில் தலை நரைத்த கேப்டன்கள் நிறைந்தார்கள். மூத்தவரை ஓய்வுபெறச் செய்ய இளையவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது. வாசலில் நிறுத்திய விலை பின்கதவால் நுழைந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கோ இந்த ஏணியே கிடையாது. அவர்களில் மிக மூத்தவரான சுபேதாரும் நேற்று வந்த வெள்ளைக்கார என்சைனுக்குக் கீழ்ப்பட்டவரே.

கேம்பெல்லின் தேக்கத்தை உடைத்தது மீண்டும் போர்தான். 1842இல் 98ஆவது ரெஜிமென்ட்டோடு சீனாவுக்கு அனுப்பப்பட்டு, முதல் அபினிப் போரின் கடைசிக் கட்டத்தில் சென்ஜியாங் நகரத் தாக்குதலில் பங்கேற்றார். சண்டையில் இழந்தவர்களைவிட நெரிசலான கப்பலிலும் ஹாங்காங்கிலும் நோயால் இழந்தவர்களே மிகப் பலர். வீரர்களின் உணவு, நீர், நிழல், நடைத்தூரம் ஆகியவற்றில் அவர் பின்னாளில் காட்டிய அக்கறைக்கு இந்த அனுபவம் ஒரு காரணம் என்று கருதலாம். அடுத்து இரண்டாம் சீக்கியப் போர்: 1849 ஜனவரியில் சிலியன்வாலா, பிப்ரவரியில் குஜராத் என்ற பஞ்சாப் ஊர். பிறகு பெஷாவர் எல்லைப் பகுதியின் படைத்தலைமை. மலைவாழ் பழங்குடியினர் மீதான நடவடிக்கைகள் குறித்துக் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியோடு கருத்து வேறுபட்டு, பதவி விலகி, 1853இல் இங்கிலாந்து திரும்பினார். அறுபது வயது, பணி முடிந்தது என்று அவரே நினைத்திருந்தால் வியப்பில்லை.

ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் 1854இல் இறங்கியபோது, ஸ்காட்லாந்து மலைநாட்டு ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த ஹைலேண்ட் பிரிகேடின் தலைமை அவரிடம் தரப்பட்டது. செப்டம்பர் 20 அன்று அல்மா ஆற்றங்கரையில் அந்தப் பிரிகேட் வென்றது. அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் நடந்ததுதான் அவருடைய பெயரை ஆங்கிலேயர் வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. குதிரைப்படை பாய்ந்து வரும்போது காலாட்படை நாற்புறமும் நோக்கிய சதுர வியூகம் அமைப்பதே அக்காலப் பாடம். கேம்பெல் தம் 93ஆவது ரெஜிமென்ட்டை இரண்டே வரிசையாக, நீண்ட கோடாக நிறுத்தி, ரஷ்யக் குதிரைப்படையைத் துப்பாக்கிச் சூட்டால் திருப்பியனுப்பினார். டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் இதைச் சிவப்புக் கீற்றாக வருணித்து எழுத, 'மெல்லிய சிவப்புக் கோடு' என்ற தொடர் பிறந்தது.

அதே நாளில், அதே பள்ளத்தாக்கில், சில மணி நேரம் கழித்து, இலகு குதிரைப்படை பிரிகேட் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து சிதைந்தது. சுமார் 670 பேர் பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் தலைவர் கார்டிகன். அவருக்கு மேல் குதிரைப்படைப் பிரிவு முழுவதற்கும் தலைவர் அவருடைய மைத்துனர் லூக்கன், அவரும் பெருந்தொகைக்கு ரெஜிமென்ட் வாங்கியவர். விலைமுறையின் எதிரிகளுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அன்றைய பேரழிவின் முதற்காரணம் தலைமைத் தளபதி ராக்லன் அனுப்பிய தெளிவற்ற கட்டளை. கார்டிகன் தமக்கு இடப்பட்ட ஆணையை முன்னின்று நிறைவேற்றினார், அவருடைய துணிவை யாரும் ஐயுறவில்லை. விலைமுறையின் உண்மையான கேடு வேறிடத்தில் இருந்தது: இருபதாண்டு காலம் களத்தில் கற்ற ஒருவர் பிரிகேட் தலைமைக்கு வரும்போது வயது 61 ஆகிவிட, போரையே காணாத ஒருவர் அதே நிலைக்குப் பணத்தால் வந்து அவருக்கு அருகில் நின்றார் என்பதுதான் அது.

பணம் மட்டுமன்று, இடமும் வேலை செய்தது. லண்டன் அரண்மனைக் காவல் ரெஜிமென்ட்டுகளின் அதிகாரிகளுக்கு இரட்டைத் தகுதி உண்டு. அங்கு கேப்டனாக இருப்பவர் மற்ற படைகளில் லெப்டினன்ட் கர்னலுக்குச் சமம். அப்படி வந்த வில்லியம் காட்ரிங்டன் 1854க்கு முன் போர் கண்டவர் அல்லர். ஆனால் 1855இல் கிரிமியாவின் தலைமைத் தளபதிப் பதவி கேம்பெல்லைத் தாண்டி அவருக்குப் போயிற்று. கேம்பெல் மனம் புண்பட்டு ஊர் திரும்பினார். விக்டோரியா அரசியே சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தபோது இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி ஆன்சன் மே மாதம் காலராவால் இறந்தார். செய்தி லண்டனை எட்டியதும் ஜூலை 11 அன்று அந்தப் பதவி கேம்பெல்லுக்கு அளிக்கப்பட, மறுநாளே கப்பலேறினார். நவம்பரில் லக்னோவை நோக்கிப் படை நடத்தி, முற்றுகையில் இருந்த ஆங்கிலேயரை வெளியேற்றினார். வழியில் சிக்கந்தர் பாக் மதிலுக்குள் ஒரே நாளில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர் வெற்றியாக எழுதிய அந்நாளை நாம் படுகொலையாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதம் 24ஆம் தேதி லக்னோவில் நோயால் இறந்தார் ஹேவ்லாக். டிசம்பர் 6இல் கான்பூரில் தாந்தியா தோபேயின் படை முறியடிக்கப்பட்டது. 1858 மார்ச்சில் லக்னோ முழுவதும் வீழ்ந்தது.

அவசரப்படாத தளபதி அவர். பெரும்படையும் பீரங்கிகளும் பொருள் வண்டிகளும் சேரும்வரை நகர மாட்டார். இளம் அதிகாரிகள் அவருக்கு 'ஊர்ந்து செல்லும் ஒட்டகம்' என்று பெயர் சூட்டினார்கள். லக்னோ இறுதித் தாக்குதலில், ஓர் ஆளையும் இழக்காமல் முடியுமானால் மட்டுமே கோமதி ஆற்றுப் பாலத்தைக் கடக்கலாம் என்று தம் கீழிருந்த தளபதி ஜேம்ஸ் அவுட்ரமுக்கு அவர் இட்ட ஆணையால், எழுச்சியாளர்களில் பெரும்பகுதியினர் தப்பிச் சென்று போரை நீட்டினார்கள் என்பது ஆங்கிலேய விமர்சகர்களின் குற்றச்சாட்டு. அது 65 வயதின் தயக்கமா, ஹாங்காங்கில் ரெஜிமென்ட் அழிவதைப் பார்த்தவரின் எச்சரிக்கையா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து. ஒரு படை தன் நல்ல அதிகாரிகளை இத்தனை ஆண்டுகள் காக்க வைத்தால், அவர்களின் அனுபவத்தோடு அவர்களின் முதுமையும் சேர்ந்தேதான் தலைமைக்கு வரும். 1858இல் அவர் கிளைடு பிரபு ஆனார். 1862இல் ஃபீல்டு மார்ஷல். 1863 ஆகஸ்ட் 14 அன்று சாத்தம் நகரில் இறந்தவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

விலைமுறை அவருக்குப் பின் எட்டாண்டுகள் பிழைத்திருந்தது. கிரிமியப் போர் கிளப்பிய கண்டனம் ஒரு விசாரணை ஆணையத்தோடு ஓய்ந்தது. 1870இல் பயிற்சி பெற்ற அதிகாரிகளைக் கொண்ட பிரஷ்யப் படை பிரான்சைச் சில வாரங்களில் வீழ்த்தியதும், கிளாட்ஸ்டன் அரசின் போர்த்துறை அமைச்சர் எட்வர்டு கார்ட்வெல் ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவையில் நிறைவேறிய அதைப் பிரபுக்கள் சபை முடக்கியது. பதவி விற்பனை அரச ஆணையின் அனுமதியால் மட்டுமே நடந்துவந்தது என்பதைப் பிடித்துக்கொண்ட அரசு, நாடாளுமன்றத்தைச் சுற்றிச் சென்று, 1871 ஜூலையில் விக்டோரியா அரசியைக் கொண்டே அந்த அனுமதியை ரத்து செய்ய வைத்தது. இழப்பீடு இல்லாமல் விடப்படுவோமோ என்று அஞ்சிய பிரபுக்கள் பின்னர் மசோதாவையும் ஏற்றார்கள். நவம்பர் 1 முதல் விற்பனை நின்றது. அதிகாரிகள் போட்டிருந்த பட்டியல் விலையை மட்டுமல்லாமல், சட்டத்துக்குப் புறம்பாகக் கொடுத்திருந்த கூடுதல் தொகையையும் அரசே ஈடுகட்டியது. ஆயினும் உணவுக்கூடம், சீருடை, குதிரை ஆகியவற்றின் செலவு சம்பளத்தை விஞ்சியே நின்றதால், குடும்பப் பணம் இல்லாத இளைஞர்களுக்குப் பெயர்பெற்ற ரெஜிமென்ட்டுகள் அந்த நூற்றாண்டின் இறுதிவரை எட்டாத இடமாகவே இருந்தன.